கம்பி கட்டிய ரம்பம்

நான் முதன்முதலாக ஓட வைத்த செயின் ரம்பத்தை, ஒரு மனிதரின் முகத்தைப் பிளக்கக்கூடிய நிலையில் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். கொடுக்கும்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

நான் பரமக்குடிப் பக்கம். இப்போது பென்னலூரில் வாடகை வீடு. ஒரகடம் ரோட்டில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினேன். தகடை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. அதற்காகத்தான் இரண்டு பட்டன். ஆனால் அப்படி ஓட்டினால் எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டன்மேல் நட்டு ஒன்றை வைத்து, அது அமுங்கியே இருக்கும்படி டேப் சுற்றிவிடுவோம். அச்சுக்கு முன்னால் இருக்கும் சென்சாரை மெயின்டனன்ஸ் ஆள் சாவி போட்டு அணைத்துவிடுவார். இதற்கு பைபாஸ் என்று பேர். வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வரும் நாளில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து வைப்போம். அவன் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி டேப்.

அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. லைனில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலையே அதுதான். பாதுகாப்புக்கு வைத்த சாமான் வேலையைத் தடுத்தால் அதைக் கட்டிப் போடு.

ஒரு நாள் அச்சு என் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் சத்தம். தகடு நசுங்கும்போது வரும் அதே சத்தம், கொஞ்சம் ஈரமாக. கையை இழுத்தபோது கையுறையில் பாதி உள்ளேயே இருந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் பட்டனில் இருந்த டேப்பைக் கிழித்தான். அப்புறம்தான் என் கையைப் பார்த்தான்.

சென்சாரை அணைத்த மெயின்டனன்ஸ் ஆள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். சாவி போட்டது நான்தான் என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எழுந்து போகும்போது சாத்துக்குடியை எடுத்து அவர் முதுகில் எறிந்தேன். முதல் இரண்டு பட்டது. மூன்றாவது கதவில் அடித்து நசுங்கியது.

அதற்குப் பிறகு என்னை பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் எதையாவது உடைப்பேன். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, மிக்ஸி மூடி, குளியலறைக் கதவு. மனைவியை அடித்ததில்லை. அவள் நிற்கும் பக்கமாக எறிந்திருக்கிறேன். "அதுவும் அடிச்ச கணக்குத்தான்" என்று அவள் சொன்னாள். போன் தயாரிக்கும் கம்பெனியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வருகிறவள். எனக்குப் பயப்பட அவளுக்கு நேரம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பெரும்புதூர் போகும் வழியில் ஒரு காயலான் கடையில் செயின் ரம்பம் ஒன்று கிடந்தது. மின்விசிறிக் கூடுகளுக்கு அடியில், செயின் துருப்பிடித்து, கைப்பிடி உடைந்து. எடுத்துப் பார்த்தேன். பல் எல்லாம் மழுங்கியிருந்தாலும் உள்ளங்கையைக் கீறியது. வாங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால், என்னைக் கடித்தது ஒரு மிஷின், கடிக்கிற மிஷின் ஒன்றைக் கழற்றிப் போட்டு அடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது. பிரஸ் ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் தெரியாது. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, மொட்டை மாடியில் சாக்கை விரித்து உட்காருவேன். வெயில் மண்டையைப் பிளக்கும். முதலில் கிளட்சைக் கழற்றப் பார்த்தேன். எல்லா நட்டும் திரும்புகிற பக்கம்தான் இதுவும் திரும்பும் என்று உளியை வைத்து சுத்தியலால் அடித்தேன். இரண்டு மத்தியானம் அடித்தேன். வராத ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தன் முகத்தை நினைத்துக்கொண்டேன், சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ், மனிதவளத்தில் ஈ என்று இளித்தபடி விபத்துப் பேப்பரில் கையெழுத்து வாங்கியவன். கடைசியில் கிளட்சின் ஒரு காது உடைந்து பறந்து வந்து என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், கிளட்சின் மேலேயே அம்புக்குறி போட்டு, கழற்ற இந்தப் பக்கம் என்று இருக்கிறது. அதற்கு மரை தலைகீழ். இரண்டு நாளும் நான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ரம்பத்தைத் தூக்கி மாடிச் சுவரில் அடித்தேன். சுவர்தான் பெயர்ந்தது. கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா கத்தினார்.

"இன்னாயா அங்க! வூட்ட இடிச்சிட்டுத்தான் காலி பண்ணுவியா?"

உள்ளே பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. யாரோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் கொன்றிருக்கிறான். சென்னை பாரிஸ் கார்னர் போய் புது பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வந்தேன். கார்புரேட்டரின் ரப்பர் சவ்வு வறட்டி மாதிரி இருந்தது, அதையும் மாற்றினேன். எட்டு விரலால் அந்தச் சின்ன ஸ்குரூக்களைப் பிடிப்பது நரகம். கீழே விழுந்த ஒவ்வொன்றுக்கும் கெட்ட வார்த்தை சொன்னேன். ஒரு மாதம் ஆனது. ஒரு மத்தியானம் காலால் அமுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தபோது, கயிறு திருப்பி இழுத்து என் மணிக்கட்டைப் பிடுங்கியது. அடுத்த இழுப்பில் ரம்பம் குரைத்தது. மாடி முழுக்கப் புகை. நான் திரும்பக் கத்தினேன். அந்த மாதம் வீட்டில் எதையும் உடைக்கவில்லை என்று மனைவி சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. மேல் கைப்பிடிக்கு முன்னால், கைக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை முன்னால் தள்ளினால் செயின் நின்றுவிடும். அதுதான் பிரேக். என் ரம்பத்தில் அந்தத் தடுப்பைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தாலே அதிர்ச்சியில் தடுப்பு தானாக முன்னால் சாய்ந்து செயினைப் பிடித்துவிடும். ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும்.

நான் யோசிக்கவே இல்லை. கட்டுக்கம்பியை எடுத்தேன். தடுப்பைப் பின்னால் இழுத்து, மேல் கைப்பிடியோடு சேர்த்து நாலு சுற்று சுற்றி, குறடால் முறுக்கினேன். ரம்பம் நிற்காமல் ஓடியது. வேலையைத் தடுத்த சாமானைக் கட்டிப் போட்டாயிற்று. அந்த பிரேக் எதற்கு என்று ஒரு நிமிடம்கூட என்னை நானே கேட்கவில்லை. இரண்டு விரலை இழந்தவன் நான்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் சீமைக்கருவேலம் காடாக நின்றது. அங்கே போய் அறுத்துப் பார்த்தேன். அப்போதுதான் மரக்காரர் வந்தார். பிள்ளைப்பாக்கத்து ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும், தொப்பையும் தோளும் கல் மாதிரி. மனை போடுகிறவர்களும் கோடவுன் கட்டுகிறவர்களும் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட இவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தம் கேட்டு பைக்கை நிறுத்தியிருக்கிறார்.

"இன்னா தம்பி, கருவேலத்த வெண்ண மாரி அறுக்குது. எங்க புட்ச இத்த?"

"காயலான் கடையில கெடந்துச்சுண்ணே. நானே சரி பண்ணேன்."

"மெக்கானிக்கா நீ?"

"இல்லண்ணே. பேக்கிங்."

"பேக்கிங்கா!" வயிறு குலுங்கச் சிரித்தார். "பொட்டி மடிக்கிறவன் மிஷினு ஓட்றான், மிஷினு வச்சிருக்கறவன் ரோட்ல நிக்கிறான். என்னாண்ட ஒண்ணு கீது, இதே அச்சு, பேரு மட்டும் வேற. செத்துப் பூட்ச்சு. அத்த நீ எடுத்துக்க, இத்த எனக்குக் குடு. அடுத்த வாரம் ஒரு தோப்பே வெட்டணும்."

ரம்பத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார். "இது இன்னா கம்பி?"

"அது இருந்தாத்தேன் ஓடும்ணே. கழட்டிராதீக."

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவர் கழற்றியிருக்கக்கூடும். நான் வேண்டாம் என்றேன். அடுத்த நாள் அவர் செத்த ரம்பத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என்னுடையதை பைக்கின் முன்னால் வைத்து எடுத்துப் போனார். விரல் போன பிறகு என் கை செய்த ஒரு வேலையை ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்கியது அன்றுதான். இரண்டு தெருவுக்கு எல்லோரிடமும் சொன்னேன்.

அவருடைய ரம்பத்தைச் சரி செய்ய மூன்று வாரம் ஆனது. கிளட்சை இந்தத் தடவை சரியான பக்கம் திருப்பினேன். அதில் பிரேக் கொக்கி நன்றாக இருந்தது. கம்பி கட்டத் தேவைப்படவில்லை, அதனால் கட்டவில்லை. புத்தி வந்து அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் ஒரு வேப்பங்கட்டையைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு கட்டை இருந்தது. செயின் சுற்றி ஓடும் தகட்டின் மூக்கு, அது வளைந்து திரும்புகிற அந்த நுனியின் மேல் பக்கம், பின்னால் இருந்த கட்டையில் பட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து ரம்பம் என் கையில் இல்லாத மாதிரி இருந்தது. எவனோ கீழேயிருந்து உதைத்த மாதிரி மேலே துள்ளி என் முகத்துக்கு வந்தது. இமைக்கக்கூட நேரம் இல்லை. என் இடது மணிக்கட்டு தடுப்பில் போய் இடித்தது. டக் என்று ஒரு சத்தம். செயின் நின்றது. தகடு என் நெற்றியில் அடித்தது, ஆனால் ஓடாத செயினோடு அடித்தது. மூக்குக்கு நேராக ஒரு பல்லைப் பார்த்தேன். அதில் வேப்பந்தூள் ஒட்டியிருந்தது.

துணி காயப்போட வந்த மனைவி வாளியைப் போட்டுவிட்டு நின்றாள்.

"போயிட்டீகளோன்னு நெனச்சேன்."

தடுப்பைப் பின்னால் இழுத்தேன். முன்னால் தள்ளினேன். டக். பின்னால், முன்னால். டக். அப்போதுதான் புரிந்தது. ரம்பம் முகத்துக்கு வரும்போது கை தானாக இதில் இடிக்கும். அதற்காகத்தான் இதை இங்கே வைத்திருக்கிறான். இதைத்தான் நான் நாலு சுற்று கம்பி போட்டு முறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மரக்காரருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ரம்பம் ஓடும்போது எவனுக்கு போன் கேட்கும்? பைக்கை எடுத்தேன். ஞாயிறு என்றாலும் கம்பெனி பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு போனேன், டிரைவர் என் அம்மாவைச் சொல்லித் திட்டினான். ரம்பத்தின் மூக்கு ஒரு கிளையில் பட்டால் போதும். ஒரு தடவை. வழி முழுக்க அவர் முகம் இரண்டாக இருந்தது.

பிள்ளைப்பாக்கத்துக்கு வெளியே அவர் சொல்லியிருந்த மாந்தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதித் தோப்பு தரையில் கிடந்தது. மரக்காரர் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அரைக்கால் டவுசர், ரப்பர் செருப்பு. கயிறு இழுக்க இரண்டு ஆட்கள். முகம் முழுசாக இருந்தது. ரம்பம் அவர் காலடியில். கம்பி அப்படியே இருந்தது.

நான் நேராகப் போய் ரம்பத்தைத் தூக்கினேன்.

"ஏய், ஏய்! இன்னா பண்ற?"

"இத ஓட்டாதீகண்ணே. மூஞ்சி போயிரும். நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஓகோ." எழுந்தார். "நல்லா ஓடுதுன்னு எவனாவது சொல்லிட்டானா? திருப்பிக் கேக்க வந்துட்டியா? தெக்கத்தி ஆளு சொன்ன பேச்சு மாறமாட்டான்னு நெனச்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

"பிரேக் இல்லண்ணே இதுல!"

"பிரேக்கு போட்டுக்கினு மரம் வெட்ட நான் இன்னா பஸ்ஸா ஓட்றேன்?" கயிற்று ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "நேத்துகூட ஒரு தபா துள்ளிச்சு. தலப்பாவ எட்த்துக்கினு பூட்ச்சு. நான் பல்லக் காட்டிக்கினு நிக்கிறேன் பாரு. வை கீழ."

துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கிழிந்திருந்தது. அப்போது அவர் கேட்டார்.

"இந்தக் கம்பிய எவன் கட்னது?"

நான் சொன்னேன், "வாங்கும்போதே அப்படித்தேன் இருந்துச்சு."

ஏன் சொன்னேன்? எதிரில் மூன்று பேர் நிற்கிறார்கள். வேறு காரணம் தேடி எழுதினால் அதுவும் பொய்.

அவர் தோளைக் குலுக்கினார். "அப்புறம் இன்னா? எனக்கு முன்னாடியும் எவனோ ஒரு மரக்காரன் இப்டித்தானே ஓட்டிக்கினு இருந்துகீறான். அவனுக்கு ஒண்ணும் ஆவல. எனக்கும் ஆவாது."

என் பொய்தான் அவருக்குத் தைரியம் கொடுத்தது. அதைக் கேட்டதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ரம்பத்தை அணைத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். திரும்பி முழங்கையால் அவர் வாயில் அடித்தேன். அவர் உதடு கிழிந்தது. அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து அடித்தார்கள். தரையில் போட்டு விலாவில் மிதித்தார்கள். ஒருத்தன் கயிற்றை மடித்து முதுகில் விளாசினான். நான் ஒருத்தன் காலைக் கடித்தேன், உப்பும் மண்ணும் வாயில் வந்தது. மரக்காரர் குனிந்து ரம்பத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். எட்டு விரல் பிடி, சுலபமாக வந்துவிட்டது.

"போடா. இன்னொரு தபா இந்தப் பக்கம் வந்த, மரத்தோட சேர்த்து அறுத்துடுவேன்."

வீட்டுக்கு வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. மனைவி உப்புத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கம்பிய நீங்கதேன் கட்டுனீகன்னு சொன்னீகளா, இல்லையா?"

"அடிக்க வாரானுக, அந்நேரத்துல—"

"சொன்னீகளா இல்லையா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு அடி வாங்கிட்டு வந்தீக? சும்மாவா?" துணியைத் தண்ணீரில் போட்டாள். "அந்த ஆளு பொண்டாட்டிக்கு நான் போய் சாத்துக்குடி குடுக்கணுமா?"

அவள் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்தேன். எறியத்தான் எடுத்தேன். அவள் நகரவில்லை. சொம்பைக் கீழே வைத்தேன். மறுபடி போன் போட்டேன். என் நம்பரைப் பார்த்ததும் அவர் கட் செய்துவிட்டார். ஐந்து தடவை.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் பஸ்ஸில் ஏறவில்லை. இரண்டாவது ரம்பத்தைச் சாக்கில் சுற்றி, ஸ்பேனரோடு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. என் ரம்பம்தான். வேகம் இறங்கும்போது ஒரு சின்ன இருமல் வரும், அதை நான்தான் சரி செய்யாமல் விட்டிருந்தேன்.

ஒரு பெரிய மாமரத்தின் மேல், இரண்டு ஆள் உயரத்தில், கவட்டையில் காலை ஊன்றி நின்று அறுத்துக்கொண்டிருந்தார். தகட்டின் மூக்கு பின்னால் இருந்த கிளைக்கு ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. சாண்கூட இல்லை. கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கத்தினால் திரும்புவார். திரும்பினால் மூக்கு அந்தக் கிளையில் படும்.

நின்றேன். கயிற்று ஆள் ஒருத்தன் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பிடரியைப் பிடித்தான். நான் எதிர்க்கவில்லை. வாயில் விரலை வைத்து மேலே காட்டினேன். அவன் என் கழுத்தை நெரித்துக்கொண்டே மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். ரம்பம் ஆடியது, மூக்கு கிளையின் பட்டையை உரசி ஒரு பொட்டுத் தூளைப் பறக்க விட்டது. அவர் மறுபடி நிமிர்த்திப் பிடித்தார். அந்தக் கிளை முறியும் வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

கிளை விழுந்தது. ரம்பம் அணைந்தது. அப்போது கத்தினேன்.

"அண்ணே! அந்தக் கம்பிய நாந்தேன் கட்டுனேன்! எந்த மரக்காரனும் அத வச்சு ஓட்டல! நான் பொய் சொன்னேன்!"

ரம்பத்தைக் கயிற்றில் இறக்கிவிட்டு மெதுவாக இறங்கினார். கீழே வந்து என்னைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார். முந்தின நாள் என் முழங்கை கிழித்த உதடு வீங்கியிருந்தது.

"இன்னாத்துக்குக் கட்ன?"

"கம்பெனியில அப்படித்தேன் கட்டுவோம். பழக்கத்துல கட்டிட்டேன். அது எதுக்கு இருக்குன்னு தெரியல. நேத்து மத்தியானம்தேன் தெரிஞ்சுச்சு." நெற்றியில் தகடு அடித்த காயத்தைக் காட்டினேன்.

"நேத்து நான் கேட்டப்போ?"

"பயந்துட்டேன்."

கிழிந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கிழிசலை விரித்துப் பார்த்தார். அப்புறம் என்னை அடித்தார். கையை மடக்கி, வாயில், ஒரே ஒரு குத்து. முந்தின நாள் மூன்று பேர் சேர்ந்து அடித்ததெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடில்லை. உட்கார்ந்துவிட்டேன். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் உருண்டது. நான் திருப்பி அடிக்கவில்லை.

"மூணு வாரம்," என்றார். "மூணு வாரமா மூஞ்சிக்கு முன்னாடி வச்சிக்கினு கீறேன் இத்த. எனக்கு ரெண்டு பொண்ணு கீதுடா." பிறகு காலால் ரம்பத்தை என் பக்கம் தள்ளினார். "இங்கியே குந்து. எனக்கு எதிர்க்க சரி பண்ணு."

குந்தினேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு ரம்பமும் ஒரே அச்சு. பிரேக், தடுப்பு எல்லாம் பக்க மூடியோடு சேர்ந்தே வந்துவிடும். மூடியைப் பிடித்திருப்பது இரண்டு நட்டு. கம்பியை வெட்டி பழைய மூடியை எடுத்துவிட்டு, இரண்டாவது ரம்பத்தின் மூடியைக் கழற்றி இதில் மாட்டி, செயினை இழுத்துச் சரி பார்த்து, நட்டை இறுக்கினேன். பத்து நிமிடம் ஆகவில்லை. கம்பியை அன்றைக்கே கட்டாமல் இப்படி ஒரு மூடி தேடியிருந்தால் அதுவும் பத்து நிமிடம்தான். கயிற்று ஆட்கள் இரண்டு பேரும் குந்தி வேடிக்கை பார்த்தார்கள். முதுகில் விளாசியவன் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"நீயே ஓட்டு," என்றார் மரக்காரர். "துள்ள வச்சுக் காட்டு. உன் மூஞ்சிக்கு எதிர்க்க."

ஓட்டினேன். அடிமரத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே ரம்பத்தின் மூக்கைக் கொண்டுபோய் இடித்தேன். ரம்பம் மிருகம் மாதிரி எழும்பியது. மணிக்கட்டு தடுப்பில் இடித்தது. டக். செயின் என் தாடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கயிற்று ஆள் ஒருத்தன் பின்னால் குதித்து விழுந்தான். மரக்காரர் இமைக்காமல் பார்த்தார்.

"இன்னொரு தபா."

இன்னொரு தடவையும் செய்தேன். டக். மூன்றாவது தடவை அவரே என் கையிலிருந்து வாங்கி, அவரே இடித்துப் பார்த்தார். நின்றது. ரம்பத்தைக் கயிற்றில் கட்டிவிட்டு மரத்தில் ஏறினார்.

என்னால் போக முடியவில்லை. பைக் பக்கம் நடந்து பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைக்குக் கிளை ரம்பம் கத்தியது. ஒவ்வொரு தடவை மூக்கு ஒரு கவட்டைக்குள் நுழையும்போதும் என் இடது மணிக்கட்டு தானாக முன்னால் போனது.

மேலேயிருந்து சத்தம் வந்தது. "டேய்! தள்ளி நில்லுடா! கிள மண்டைல வுழுந்தா உன் பொண்டாட்டிக்கு எவன் பதில் சொல்றது?"

பத்து அடி தள்ளி நின்றேன். டீ வந்தது. வாய் வீங்கி என்னால் குடிக்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. வெயில் ஏறியது. கடைசிக் கிளை இறங்கியபோது அடிமரம் மட்டும் மொட்டையாக நின்றது. அவர் இறங்கி வந்து தலைத் துண்டை உதறினார். முகம் முழுக்க மரத்தூள் அப்பியிருந்தது. இரண்டு கையாலும் அதை வழித்துத் தரையில் போட்டார். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதுவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தேன்.